'ஃபமிலியர்' என்றால் தெரியுமா, பழக்கமா, உரிமையா?

கேள்வி கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார். 'ஆர் யூ ஃபமிலியர் வித் டேலி?' என்று, கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 'யெஸ் சார், வெரி ஃபமிலியர்' என்றிருக்கிறார். உடனே கணினி முன்னால் உட்காரவைத்து பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, போடச் சொன்னதும் திணறிவிட்டார். எப்படியோ வேலை கிடைத்துவிட்டது. சேர்ந்த சில மாதத்தில் மேலாளரிடமிருந்து ஒரு மெயில்: வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் 'ஓவர்லி ஃபமிலியர்' ஆக இருக்க வேண்டாம். 'முதல் இடத்தில் என் ஃபமிலியர் போதவில்லை, இரண்டாவது இடத்தில் அதிகமாகிவிட்டது. இரண்டும் ஒரே சொல்தானா? அப்புறம், ஃபமிலியர் வித், ஃபமிலியர் டு, இதில் எது சரி?' என்று கேட்கிறார்.

பார்த்தால் அகராதியைப் புரட்டித் தீர்க்கக்கூடிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் அகராதியில் 'நன்கு தெரிந்த, பழக்கமான' என்றுதான் போட்டிருக்கும், அதை நம்பித்தான் அவர் நேர்முகத்தில் மாட்டிக்கொண்டார். அவர் உண்மையில் கேட்பது வேறு. அந்தச் சொல்லைச் சொன்னால் நான் எவ்வளவு தெரியும் என்று ஒப்புக்கொள்கிறேன், அது எப்போது திட்டாக மாறுகிறது, இந்த இரண்டுதான் கேள்வி. ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் அலுவலக ஆவணங்களை மொழிபெயர்ப்பதும்தான் என் பிழைப்பு. மொழியியல் ஆராய்ச்சி செய்தவன் அல்ல. அதனால் புழக்கம் பற்றி உறுதியாகச் சொல்வேன், வரலாற்றில் அகராதிக்காரர்கள் ஒத்துப்போகும் பகுதியோடு நிறுத்திக்கொள்வேன்.

தொல்லை ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, நம் 'பழக்கம்' என்ற சொல்லிலும் இருக்கிறது. 'அவரை எனக்கு நல்ல பழக்கம்' என்கிறோம். 'காலையில் காபி குடித்தே பழக்கம்' என்கிறோம். 'லாரி ஓட்டிப் பழக்கம் உண்டா?' என்று கேட்கிறோம். மூன்றும் மூன்று சங்கதி. முதலாவது ஒரு மனிதரோடு உள்ள நெருக்கம், இரண்டாவது உடம்பில் ஊறிய வழக்கம், மூன்றாவது கை தேர்ந்த பயிற்சி. தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே வேர் போதும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல். ஃபமிலியர் இந்த மூன்றில் எதோடும் முழுதாகப் பொருந்தாது. அது முதன்மையாகச் சொல்வது அறிவு: இந்தப் பொருள் எனக்குப் புதிதல்ல, முன்பே சந்தித்திருக்கிறேன், என்ன ஏது என்று தெரியும். வழக்கத்தைச் சொல்ல 'யூஸ்டு டு' அல்லது 'அக்கஸ்டம்டு டு' வேண்டும். கைத்திறனைச் சொல்ல 'எக்ஸ்பீரியன்ஸ்டு இன்', 'ப்ரொஃபிஷியன்ட் இன்' போன்றவை வேண்டும். 'டேலி பழக்கம் இருக்கா?' என்று தமிழில் கேட்டிருந்தால் அவர் யோசித்துப் பதில் சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் கேட்டபோது பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஃபமிலியர் என்று வாயால் சொன்னார்.

இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய ஓர் உதாரணம். சென்னையிலிருந்து மின்னசோட்டாவுக்குப் போனவர், 'ஐ ஆம் ஃபமிலியர் வித் தி வின்டர்ஸ் ஹியர்' என்றால் அங்கே பனி எப்படி இருக்கும், எந்த மாதம் தொடங்கும் என்று தெரியும் என்று பொருள். அவருக்கு அது ஒத்துக்கொண்டதா இல்லையா என்பது அதில் வராது. 'ஐ ஆம் யூஸ்டு டு தி வின்டர்ஸ் ஹியர்' என்றால் குளிர் பழகிவிட்டது, இப்போது கஷ்டமில்லை என்று பொருள். தெரிந்தும் பழகாமல் இருக்கலாம். போகிற போக்கில் ஒன்று: யூஸ்டு டு என்பதற்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும். 'ஐ ஆம் யூஸ்டு டு வேக் அப் எர்லி' என்று நம்மில் பாதிப்பேர் சொல்கிறோம். 'வேக்கிங் அப்' என்பதுதான் சரி. 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்டு டு வேக் அப் எர்லி' என்றால் முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை என்று அர்த்தம் தலைகீழாகிவிடும்.

சரி, ஃபமிலியர் என்றால் எவ்வளவு தெரியும்? இதற்கு அளவுகோல் கிடையாது. நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொன்னால் அது அவர் சொந்தக் கணக்கு. ஆனால் சொற்களுக்குள் மேல் கீழ் உண்டு, அதில் பெரிய சர்ச்சை இல்லை. 'ஐ ஹாவ் ஹியர்ட் ஆஃப் இட்' என்றால் பெயர் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். 'அவேர் ஆஃப்' என்றால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியும். 'அக்வெயின்டெட் வித்' கொஞ்சம் சம்பிரதாயமான சொல், அறிமுகம் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் ஃபமிலியர் வித்: உள்ளே என்ன இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று தெரியும், வழிகாட்டினால் செய்துவிடுவேன். 'கான்வர்சன்ட் வித்' என்றால் அதைப் பற்றித் தடையில்லாமல் பேசும் அளவுக்குத் தெரியும். இந்தியாவில் விண்ணப்பங்களிலும் அரசு அறிவிப்புகளிலும் புழங்கும் அளவுக்கு இந்தச் சொல் வெளிநாட்டு அலுவலகங்களில் காதில் விழாது. 'வெல் வெர்ஸ்டு இன்' அதற்கு மேல். 'ப்ரொஃபிஷியன்ட் இன்' என்றால் யார் துணையும் இல்லாமல் செய்து முடிப்பேன். அக்வெயின்டெட், ஃபமிலியர், கான்வர்சன்ட் மூன்றும் அடுத்தடுத்த படிகளா, ஒரே படியின் மூன்று பெயர்களா என்பதில் ஆளுக்கு ஒரு காது. ஆனால் ஃபமிலியருக்கும் ப்ரொஃபிஷியன்ட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு என்பதில் வேலைக்கு ஆள் எடுக்கும் யாருக்கும் சந்தேகம் இல்லை. விளம்பரங்களைக் கவனித்தால் தெரியும். ஒரே விளம்பரத்தில் 'ப்ரொஃபிஷியன்சி இன் எக்ஸெல் ரெக்வயர்டு, ஃபமிலியாரிட்டி வித் டேலி ப்ரிஃபர்டு' என்று போட்டிருப்பார்கள். எக்ஸெல் இல்லாமல் வராதே, டேலி தெரிந்திருந்தால் நல்லது என்பதுதான் அதன் தமிழ்.

அந்த நேர்முகத்தில் 'வெரி' என்ற ஒட்டுதான் காலை வாரிவிட்டிருக்கும் என்பது என் ஊகம். கேட்டவர் வெறும் ஃபமிலியரைத்தான் கேட்டார், அதாவது குறைந்தபட்சத்தை. 'வெரி ஃபமிலியர்' என்று நாமே தூக்கிப் பிடித்தால், 'சரி, செய்து காட்டு' என்று சொல்லத்தான் தோன்றும். இலக்கணப்படி அதில் தவறில்லை. நேர்முகத்துக்கு வருகிற மாணவர்களிடம் நான் சொல்வது, பெயரடையை விட்டுவிட்டு வினையைச் சொல்லுங்கள் என்றுதான். டேலியில் எஃப்8 தட்டி விற்பனை வவுச்சர், எஃப்9 தட்டிக் கொள்முதல் வவுச்சர், எஃப்5-இல் பேமென்ட், எஃப்6-இல் ரிசீட் போட்டுப் பழகியவர் என்றால் அதையே சொல்லலாம்: தினமும் வவுச்சர் என்ட்ரி செய்திருக்கிறேன், லெட்ஜர் உருவாக்கத் தெரியும், ஜிஎஸ்டிக்கான விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1-ஐ எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் ரீகன்சிலியேஷன் போட்டதும் சீனியர்தான். ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் டன்', 'ஐ ஹாவ் சீன் இட் டன், பட் ஹாவ்ன்ட் டன் இட் மைசெல்ஃப்' என்ற இரண்டு வாக்கியம் போதும். பாதி தெரிந்ததைப் பாதி என்று சொன்னவரை அனுப்பிவிடுவதில்லை, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

வித், டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் சரி, எழுவாய் யார் என்பதைப் பொறுத்தது. அறிகிற ஆள் எழுவாயாக வந்தால் வித்: 'ஐ ஆம் ஃபமிலியர் வித் திஸ் சாங்', இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அறியப்படும் பொருள் எழுவாயாக வந்தால் டு: 'திஸ் சாங் இஸ் ஃபமிலியர் டு மி', இந்தப் பாட்டு எனக்குத் தெரிந்ததாக இருக்கிறது. 'திஸ் சாங் இஸ் ஃபமிலியர் வித் மி' என்றால் பாட்டுக்கு உங்களைத் தெரியும் என்று ஆகிவிடும். 'ஃபமிலியர் அபவுட்', 'ஃபமிலியர் இன்' இரண்டும் நம் ஊர் விண்ணப்பங்களில் வருகின்றன, இரண்டும் பிழை. இந்த இரு வாக்கியங்களுக்கும் உறுதியில் சின்ன வேறுபாடு உண்டு. வித் போட்டால் தெரியும் என்று பொறுப்பு ஏற்கிறீர்கள். டு போட்டாலும், 'சவுண்ட்ஸ் ஃபமிலியர்', 'லுக்ஸ் ஃபமிலியர்' என்றாலும், எங்கேயோ கேட்ட, பார்த்த சாயல் இருக்கிறது என்ற அளவோடு நிற்கும். 'வேக்லி ஃபமிலியர்' என்று சேர்த்தால் இன்னும் மங்கல்.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொல் வழுக்கும். கல்யாண மண்டபத்தில் ஒருவரிடம் 'உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்கிறோமே, அதற்கு அச்சு அசலான ஆங்கிலம் 'யூ லுக் ஃபமிலியர்'. அதில் ஒரு சொல்லை மாற்றி 'யூ ஆர் பீயிங் ஃபமிலியர்' என்றால் 'ரொம்ப உரிமை எடுத்துக்கொள்கிறாய்' என்ற கண்டிப்பு. இதே போல, 'ஹி இஸ் வெரி ஃபமிலியர் டு மி' என்று நம்மவர்கள் சொல்லும்போது மனத்தில் இருப்பது 'அவர் நமக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்'. கேட்கிற ஆங்கிலேயருக்குப் புரிவது 'அவர் முகம் எனக்குத் தெரிந்த முகம்'. வேண்டப்பட்டவர் என்று சொல்ல 'ஐ நோ ஹிம் வெல்' போதும். 'ஐ ஆம் ஃபமிலியர் வித் ஹிம்' என்றால் அமெரிக்கர் பெரும்பாலும் 'அவரைப் பற்றித் தெரியும், அவர் வேலையை அறிவேன்' என்று எடுத்துக்கொள்வார், நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய பாணி ஆங்கிலத்தில் ஊறியவருக்கு அதில் வேண்டாத நெருக்கத்தின் வாடை அடிக்கலாம். யார் எழுதினார், யாருக்கு எழுதினார் என்று பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் எழுதுகிறவராக இருந்தால் தவிர்த்துவிடுவது உத்தமம்.

இன்னொரு குழப்பம் ஃபேமஸோடு. 'ஹி இஸ் எ ஃபமிலியர் ஆக்டர்' என்று எழுதிவிட்டு, பிரபல நடிகர் என்று எழுதியதாக நினைப்பார்கள். நாடறிந்தவர் ஃபேமஸ். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் ஃபேமஸ் அல்ல, ஆனால் அந்தத் தெருவுக்கு 'எ ஃபமிலியர் ஃபேஸ்'. தினமும் கண்ணில் படுகிறவர், ஒருநாள் காணோம் என்றால் விசாரிக்கத் தோன்றுகிறவர்.

இனி மேலாளரின் மெயில். தெரிந்த என்ற பொருளும் அத்துமீறிய என்ற பொருளும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்பதற்குச் சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டும். இலத்தீனில் 'ஃபமிலியா' என்றால் இன்று நாம் சொல்லும் அப்பா அம்மா பிள்ளைகள் மட்டும் இல்லை, வீட்டுத் தலைவனின் ஆளுகையில் இருந்த அடிமைகளும் பணியாட்களும் அதில் அடக்கம். 'ஃபமுலஸ்' என்றாலே ஏவலாள்தான். அந்த வீட்டுக்குள் சேர்ந்தவர், வீட்டு மனிதர், 'ஃபமிலியாரிஸ்'. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த வீட்டு நெருக்கம்தான் முதல் பொருள். ஒரு பொருளைத் தெரியும் என்ற இன்றைய பொருள் பிறகுதான் கிளைத்தது. ஷேக்ஸ்பியர் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் போருக்கு முன் அரசன் வீரர்களிடம், நம் பெயர்கள் வருங்காலத்தில் வீட்டுச் சொற்களைப் போல வாயில் புழங்கும் என்கிறான். அங்கே ஃபமிலியரும் 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த வரியிலிருந்து எடுத்த பெயரைத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய தன் வாரப் பத்திரிகைக்கு வைத்தார்.

வீட்டு மனிதர் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வார்? கேட்காமல் அடுக்களைக்குள் போவார், கட்டிலில் சாய்வார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதையே வெளியாள் செய்தால்? அங்கேதான் அந்தச் சொல் திட்டாகிறது. ஒருவர் வீட்டு மனிதராக ஆக்கப்படாமலே வீட்டு மனிதரைப் போல நடந்துகொள்வதுதான் ஓவர்லி ஃபமிலியர். ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ் வெளிநாடு புறப்படும் மகனுக்குச் சொல்லும் புத்திமதியிலும் இது வருகிறது: பிறரோடு நெருங்கிப் பழகு, ஆனால் எல்லோரோடும் ஒரேயடியாக இழைந்து மலிந்துபோகாதே.

அந்த மெயிலுக்குக் காரணமான கடிதத்தை நான் பார்க்கவில்லை, அதனால் கேட்டவர் செய்தது என்ன என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் ஏற்றுமதி அலுவலகங்களிலிருந்து போகும் மெயில்களைத் திருத்திக்கொடுத்த அனுபவத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். முதல் மெயிலிலேயே 'ஹாய் டியர்' என்று தொடங்குவது. 'டியர் மிஸ்டர் ஸ்மித்' என்பது வெறும் சம்பிரதாயம். பெயரில்லாமல் டியர் மட்டும் நின்றால் அது கணவன் மனைவி பேச்சு. சாம்பிள் பற்றிக் கேட்ட மெயிலின் கடைசியில் 'ஹாட் யுவர் லஞ்ச்?' என்பது. சாப்பிட்டாச்சா என்று கேட்பது நமக்கு மரியாதை, கேட்காமல் இருந்தால்தான் குறை. மான்செஸ்டரில் உட்கார்ந்து சட்டைத் துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) பற்றிக் கேட்டவருக்கு, நான் சாப்பிட்டது இவருக்கு எதற்கு என்று தோன்றும். வீடியோ அழைப்பில் எத்தனை குழந்தைகள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரிப்பது, இரவு வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படத்தோடு 'குட் நைட்' அனுப்புவது, முகநூலில் தேடிப் பிடித்து நட்பு அழைப்பு விடுப்பது. எதிலும் கெட்ட எண்ணம் இல்லை. நாம் உறவு வைத்துத்தான் வியாபாரம் செய்து பழகியவர்கள். அவர்கள் ஊர் அளவில் இதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது போல.

அதற்கு மேலாளர் வேறு சொல்லைப் பயன்படுத்தியிருக்கலாம். 'ரூட்' என்றால் மரியாதையில்லாதவர், 'அன்ப்ரொஃபெஷனல்' என்றால் தொழிலுக்கு ஒவ்வாதவர். ஓவர்லி ஃபமிலியர் இவற்றைவிட மென்மையான குறை. எண்ணம் தவறு என்று சொல்லவில்லை, தூரம் தவறு என்று சொல்கிறார். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆண் பெண் தொடர்பான புகாரில் இதே சொல் வந்தால் அது மென்மையானது அல்ல. 'டூ ஃபமிலியர் வித் ஹெர்' என்று பழைய ஆங்கிலத்தில் எழுதினால் உடல் நெருக்கத்தையே மறைவாகச் சுட்டும். இன்றும் அலுவலகப் புகாரில் அந்தச் சொல்லைக் கண்டால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உரிமை எடுத்துக்கொள்வது ஆங்கிலத்தில் எப்போதும் குறையாகவே பட, நம் மரபு அதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறது. ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பில் 'பழைமை' அதிகாரத்துக்குக் கொடுத்த தலைப்பு 'ஃபமிலியாரிட்டி'. இன்றைய ஆங்கிலத்தோடு படித்தால் ஏதோ சறுக்கல் மாதிரி தெரியும். ஆனால் அந்த அதிகாரத்தைப் படித்தால் சொல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. 'விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையாற் கேளாது நட்டார் செயின்' என்கிறது 804ஆம் குறள். உரிமையோடு கேட்காமலே நண்பர் ஒன்றைச் செய்துவிட்டால், அதை விரும்பி ஏற்றுக்கொள்வார்கள் என்பது பொருள். கேளாது செய்வது, அதுதான் மேலாளர் மெயிலில் குற்றம், வள்ளுவரிடம் அதுதான் நட்பின் அடையாளம். போப் எடுத்தது இலத்தீன் காலத்திலிருந்து வரும் வீட்டு நெருக்கம் என்ற பழைய பொருளை. நட்பு முற்றிய பிறகு வரும் உரிமை என்பதைக் குறள் மறக்கவில்லை. அதிகாரத்தின் பெயரே பழைமை. முதல் மெயிலிலேயே ஹாய் டியர் போடுவதற்கு வள்ளுவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

நெருக்கம் கூடினால் மதிப்புக் குறையும் என்ற ஆங்கிலப் பழமொழி எல்லோருக்கும் தெரியும், 'ஃபமிலியாரிட்டி ப்ரீட்ஸ் கன்டெம்ப்ட்'. நம் 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' அதற்கு நேர். இதை ஈசாப் சொன்னதாக இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். கதை இருப்பது உண்மை: நரி சிங்கத்தை முதல் தடவை கண்டு உயிர் போவது போல் நடுங்கும், அடுத்த தடவை கொஞ்சம் பயப்படும், மூன்றாம் தடவை பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுக்கும். இதில் பயம் தெளிந்தது இருக்கிறது, இகழ்ச்சி எங்கே? பழமொழியைப் பின்னால் வந்தவர்கள் கதையின் வாலில் கட்டினார்கள். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசரிடம் இந்தக் கருத்து இருக்கிறது, அங்கே அவர் ஃபமிலியாரிட்டி என்று எழுதவில்லை, வீட்டுத்தனம் என்று சொல்லத்தக்க பழஞ்சொல்லைப் போட்டிருக்கிறார். மார்க் ட்வைன் தன் குறிப்பேட்டில் இதற்கு 'பிள்ளைகளும் பிறக்கும்' என்று ஒட்டுப் போட்டது தனிக் கதை.

பெயர்ச்சொல்லாகவும் இது வரும், தேர்வுக்கு அவ்வளவு தேவைப்படாது, ஆனால் கதைப் புத்தகங்களில் இடறும். சூனியக்காரியின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட குட்டிப் பேய்க்கு 'ஃபமிலியர்' என்று பெயர். பூனை, தவளை, நாய் உருவில் இருக்கும். வீட்டு ஏவலாள் என்ற மூலப் பொருள் இங்கே அப்படியே இருக்கிறது. 1645 முதல் 1647 வரை கிழக்கு இங்கிலாந்தில் சூனியக்காரிகளை வேட்டையாடிய மேத்யூ ஹாப்கின்ஸ் வெளியிட்ட புத்தகத்தின் முகப்புப் படத்தில் இந்த ஃபமிலியர்கள் பெயரோடு நிற்கின்றன; அதில் ஒன்று 'வினிகர் டாம்', வேட்டைநாய் உடம்பும் மாட்டுத் தலையும் கொண்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் சவுல் அரசன் தேடிப்போகும் பெண், 'ஃபமிலியர் ஸ்பிரிட்' வைத்திருப்பவள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவள் 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ'. அதே ஆங்கில பைபிளில் 41ஆம் சங்கீதத்தில் 'ஃபமிலியர் ஃப்ரெண்ட்' என்று வருவதைத் தமிழில் 'பிராண சிநேகிதன்' என்று பெயர்த்திருக்கிறார்கள். ஒரே சொல் ஒரு பக்கம் பேய்க்கும் இன்னொரு பக்கம் உயிர் நண்பனுக்கும் துணை போயிருக்கிறது.

இன்றைய அலுவலகத்துக்குத் திரும்புவோம். பத்திரிகை படிப்பவர்களுக்கு ஒரு சொற்றொடர் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்: 'எ பர்சன் ஃபமிலியர் வித் தி மேட்டர்'. ராய்ட்டர்ஸ், ப்ளூம்பெர்க் செய்திகளில் இது வரும். விஷயம் தெரிந்தவர், பெயர் சொல்ல விரும்பாதவர் என்று அர்த்தம். நம் நாளிதழ்களின் 'விவரமறிந்த வட்டாரங்கள்'. இதற்கு நேர் எதிர், 'ஐ ஆம் நாட் ஃபமிலியர் வித் தட்'. தெரியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல் நழுவ அமெரிக்க அதிகாரிகளும் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களும் இதைப் பயன்படுத்துவார்கள். நீங்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பின்னால் 'லெட் மி செக் அண்ட் கெட் பேக் டு யூ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கைகழுவியது போல் ஆகும். செய்திகளில் 'ஆல் டூ ஃபமிலியர்' என்று கண்டால் அதில் சலிப்பு இருக்கிறது; மழை வந்தால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது மாதிரியான, அலுத்துப்போன செய்திக்கு அப்படி எழுதுவார்கள்.

ஒப்பந்தம், டெண்டர் ஆவணங்களில் வரும் 'ஃபமிலியரைஸ் ஹிம்செல்ஃப் வித் தி சைட்' என்பதை மட்டும் லேசாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். ஒப்பந்தக்காரர் இடத்தை நேரில் பார்த்து நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதோடு அது நிற்பதில்லை. தெரிந்துகொண்டதாகவே கருதப்படும் என்று அடுத்த வரியில் இருக்கும். பாறை இருந்தது, பாதை இல்லை என்று பிறகு கூடுதல் பணம் கேட்டால் இந்த வரியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தமிழாக்கும்போது இதைப் 'பழகிக்கொள்ள வேண்டும்' என்று நான் எழுதுவதில்லை, 'நேரில் ஆய்ந்து முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும்' என்று எழுதுகிறேன். பயண நிறுவனங்கள் தங்கள் முகவர்களை விடுதி விடுதியாகச் சுற்றிக் காட்டும் 'ஃபேம் டூர்' கூட இந்தச் சொல்லின் குட்டிதான். குடும்பச் சுற்றுலா என்று நினைத்து மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது.

கடைசியாக உச்சரிப்பு, கேட்கவில்லை என்றாலும் நேர்முகத்துக்குப் போகிறவருக்கு உதவும். ஃபேமிலி என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதைப் பார்த்து 'ஃபேமிலியர்' என்று முதல் அசையை நீட்டி அழுத்துகிறோம். ஃபமிலியரில் முதல் அசை அரைகுறையாக விழும், அழுத்தம் 'மி' மேல். ஃபமிலியாரிட்டியில் அழுத்தம் இன்னும் தள்ளிப்போய் 'யா' மேல் உட்காரும், அதுவும் 'ஆப்பிள்' என்பதன் முதல் ஒலி மாதிரி. பிரிட்டனில் கடைசி ரகரம் காதில் விழாது, அமெரிக்காவில் விழும். எதைச் சொன்னாலும் புரியும், முதல் அசையை மட்டும் அழுத்தாமல் இருங்கள். எழுதும்போது ஃபமிலியரைஸை பிரிட்டிஷ் முறையில் எஸ் போட்டும் அமெரிக்க முறையில் இசட் போட்டும் எழுதலாம்; மான்செஸ்டர் வாடிக்கையாளருக்கு எஸ் போடுங்கள்.